அழற்சி அதிகம், அளவு குறைவு: குழந்தைகளின் மூச்சில் ஒரு புதிர்

எட்டு வயதுச் சிறுவர்கள் இருவர் மருத்துவமனையின் மூச்சுப் பரிசோதனை அறையில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இருமல். முதல் சிறுவனுக்கு ஆஸ்துமா. கையடக்கக் கருவி ஒன்றின் குழலை வாயில் கவ்விக்கொண்டு ஒரே சீராகச் சில விநாடிகள் ஊதுகிறான். திரையில் 60 என்ற எண் தெரிகிறது. சிறுவர்களுக்கு இந்த எண் 20க்குக் கீழே இருந்தால் குறைவு, 35ஐத் தாண்டினால் அதிகம் என்பது கணக்கு. மூச்சுக்குழாயில் ஒவ்வாமை சார்ந்த அழற்சி இருக்கிறது என்று மருத்துவர் குறித்துக்கொள்கிறார்.

இரண்டாம் சிறுவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபணு நோய். அவனுடைய நுரையீரலில் பசைபோன்ற சளி தேங்கி, அதில் கிருமிகள் குடியேறியிருக்கின்றன. முதல் சிறுவனைவிட இவனுக்குத்தான் அழற்சி கடுமையானது. அவனும் ஊதுகிறான். திரையில் வெறும் 7.

60, 7 என்ற எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. ஆனால் முரண் உண்மையானது. நுரையீரல் மருத்துவர்களை ஏறக்குறைய 30 ஆண்டுகளாக யோசிக்க வைத்திருக்கும் முரண் இது. நெருப்பு எரியும் இடத்தில் புகை இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் குழந்தைகளிடம் நெருப்பு இருக்கிறது, புகையைக் காணோம். அந்தப் புகை எங்கே போனது என்று தேடியபோது நோயைப் பற்றிப் பல புதிய செய்திகள் கிடைத்தன.

மின்னலிலும் உண்டு, மூச்சிலும் உண்டு

கருவி அளந்த வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைட். ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிக எளிய மூலக்கூறு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு வேறு. அது நைட்ரஸ் ஆக்சைட். நம் காற்றுத் தூய்மைக் குறியீட்டில் இடம்பெறும் நைட்ரஜன் டையாக்சைடும் வேறு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் தேர்வில் மாணவர்கள் குழம்புவது வழக்கம்.

மின்னல் வெட்டும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைட் உருவாகிறது. வாகன இயந்திரத்தின் வெப்பத்திலும் உருவாகிறது. 1772ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசஃப் பிரீஸ்ட்லி இதைத் தனியாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அதன் பிறகு 200 ஆண்டுகளுக்கு இது வெறும் மாசு வாயுதான். உடல் தானாகவே இதைத் தயாரிக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1980ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இரத்தக் குழாயின் உட்சுவர் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளரச் செய்கிறது என்று கண்டார். அந்தப் பொருள் எது என்பது சில ஆண்டுகள் தெரியவில்லை. கடைசியில் அது நைட்ரிக் ஆக்சைட் என்று தெரிந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆல்ஃபிரட் நோபெல் டைனமைட் செய்த நைட்ரோகிளிசரின், உடலுக்குள் போனால் நைட்ரிக் ஆக்சைடைத் தரும். நெஞ்சுவலிக்கு அது மருந்து. நோபெல் தம் கடைசிக் காலத்தில் இதய நோயால் அவதிப்பட்டபோது மருத்துவர்கள் அவருக்கு அதையே எழுதிக்கொடுத்தார்கள். 1896இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய கடிதத்தில், விதியின் கேலியாகத் தோன்றுகிறது என்ற பொருளில் அவர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

நம் உடலில் இந்த வாயு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. அதைச் செய்யும் நொதியில் மூன்று வகை உண்டு. ஒன்று நரம்புகளில், ஒன்று இரத்தக் குழாய்களில். மூன்றாவது, தேவைப்படும்போது முடுக்கிவிடப்படும் வகை. கிருமியோ ஒவ்வாமையோ தாக்கும்போது அது விழித்துக்கொண்டு மிக அதிக அளவில் நைட்ரிக் ஆக்சைடை உற்பத்தி செய்யும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் முக்கியமாக இருப்பது இந்த மூன்றாவது வகை. ஒரு வகையில் அது உடலின் கிருமிநாசினித் தெளிப்பான்.

நூறு கோடியில் ஒரு பங்கு

1991ஆம் ஆண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தில் லார்ஸ் குஸ்டாஃப்சன் குழுவினர், முயல், கினிப்பன்றி, மனிதர் என மூவகை உயிர்களின் வெளிமூச்சிலும் இந்த வாயு இருப்பதைக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1993இல், அதே நாட்டின் ஷெல் ஆல்விங் குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் இது இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருப்பதாக அறிவித்தார்கள். ஊசி இல்லை, இரத்தம் இல்லை, வலி இல்லை. ஊதினாலே அழற்சியின் அளவு தெரிந்துவிடும் என்றால் குழந்தை மருத்துவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அளக்கும் அளவு மிகச் சிறியது. ‘பிபிபி’ என்று சொல்வார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு. நூறு கோடி விநாடி என்பது ஏறக்குறைய 32 ஆண்டு. 20 பிபிபி என்றால், அந்த 32 ஆண்டுகளில் 20 விநாடியைத் தேடிப் பிடிப்பதற்குச் சமம். தொடக்கக்காலக் கருவிகள் இதற்கு ஓர் அழகான வேதிவினையைப் பயன்படுத்தின. மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை ஓசோனுடன் கலந்தால் மிக மெல்லிய ஒளி பிறக்கும். அந்த ஒளியை எண்ணினால் அளவு தெரியும். 2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கருவிக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது. இப்போதைய கையடக்கக் கருவிகளில் மின்வேதி உணரி இருக்கிறது.

ஊதுவதற்கும் முறை உண்டு. வேகமாக ஊதினால் எண் குறையும், மெதுவாக ஊதினால் கூடும். அதனால் விநாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற ஒரே வேகத்தில் ஊத வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் வகுத்துள்ளன. 12 வயதுக்குட்பட்டவர்கள் குறைந்தது 4 விநாடி, பெரியவர்கள் 6 விநாடி. சின்னப் பிள்ளைகளுக்கு இது எளிதல்ல. ஆகவே திரையில் பலூனோ மேகமோ மிதக்கும் படம் வரும். சீராக ஊதினால் அது கோட்டைத் தாண்டாமல் மிதக்கும்.

கொஞ்சம் எதிரழுத்தத்துடன் ஊத வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைட் ஏராளமாகச் சுரக்கிறது. அது வாய்மூச்சில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். அழுத்தத்துடன் ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைத்துவிடும். (வாயை மூடிக்கொண்டு மூக்கால் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் செய்தால் மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைட் 15 மடங்கு கூடும் என்று 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒலியதிர்வு அந்தக் குழிகளிலுள்ள காற்றை வெளியே இழுத்துவிடுகிறது.)

சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. கீரை, பீட்ரூட் போன்றவற்றில் நைட்ரேட் மிகுதி. மதியம் கீரைக்கூட்டு சாப்பிட்டுவிட்டு வந்து ஊதினால் எண் பொய் சொல்லும். புகைபிடிப்போருக்கோ எண் குறைந்து காட்டும்.

உப்பு வழியின் கோளாறு

இப்போது இரண்டாம் சிறுவனின் நோய்க்கு வருவோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை 1938ஆம் ஆண்டில் தனி நோயாக விவரித்தவர் டோரதி ஆண்டர்சன் என்னும் நியூயார்க் மருத்துவர். 1948இல் அந்த நகரத்தைக் கடும் வெப்பம் வாட்டியபோது, நீரிழப்பால் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோயாளிகள் மிகுதியாக இருந்தார்கள். பால் டி சான்ட்டானியேஸ் என்னும் மருத்துவர் அதைத் துருவிப் பார்த்து, அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் அறிவித்தார். இன்றுவரை நோயை உறுதி செய்யும் முதன்மைச் சோதனை வியர்வைச் சோதனைதான். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் என்று கொள்வார்கள்.

காரணமான மரபணு 1989இல் கிடைத்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் காலின்சும் அதைக் கண்டுபிடித்தார்கள். லாப்-சீ சுய் ஷாங்ஹாயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர். அந்த மரபணு, சிஎஃப்டிஆர் என்ற புரதத்தை உருவாக்கும் குறிப்பு. அப்புரதம் 1,480 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பெரும்பாலான நோயாளிகளிடம் அதில் 508ஆம் மணி ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. 1,480இல் ஒன்றே ஒன்று.

சிஎஃப்டிஆர் புரதம் உயிரணுவின் சுவரில் குளோரைடு போய்வரும் வாசல். வாசல் திறக்காவிட்டால் உப்பும் அதைத் தொடர்ந்து செல்லும் நீரும் மூச்சுக்குழாயின் மேற்பரப்பை வந்தடைவதில்லை. சளி வறண்டு கெட்டியாகிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகள் அந்தப் பசையில் மாட்டிக்கொள்கின்றன. கிருமிகளுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. அவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது சூடோமோனாஸ் எருஜினோசா. ஈர மண்ணிலும் கைகழுவும் தொட்டியின் வடிகாலிலும் சாதாரணமாக வாழும் கிருமி அது. நலமானவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இக்குழந்தைகளின் நுரையீரலில் ஒருமுறை வேரூன்றிவிட்டால், தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொண்டு மருந்துக்கு அசைந்துகொடுக்காமல் பல ஆண்டுகள் இருந்துவிடும்.

ஆகவே அது வந்த புதிதில், படலம் கட்டுமுன், பிடித்துவிட வேண்டும். அப்போது உள்ளிழுக்கும் மருந்தைக் கொண்டே பலரிடம் அதை ஒழித்துவிட முடிகிறது. சிக்கல் எங்கே என்றால், ஐந்து வயதுக் குழந்தைக்கு இருமிச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் கீழே நுரையீரலில் இருப்பது தெரியாமல் போகலாம். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டுக் கழுவி எடுப்பது நம்பகமானது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழந்தையை அதற்கு உட்படுத்த எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? ஊதினால் தெரிந்துவிடும் என்ற சோதனைமீது மருத்துவர்கள் கண் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறு

ஆஸ்துமாவில் அழற்சி கூடினால் நைட்ரிக் ஆக்சைட் கூடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் அழற்சி இன்னும் பயங்கரமானது. அப்படியானால் எண் வானத்தைத் தொட வேண்டும். 1990களின் நடுவில் அளந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். லண்டன் மருத்துவர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இக்குழந்தைகளின் மூக்கு, மேல் மூச்சுப்பாதை ஆகியவற்றிலிருந்து வரும் வாயு குறைவாக இருந்தது. 1997இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஹார்ட்முட் கிராஸ்மன், ஃபெலிக்ஸ் ராட்யன் ஆகியோரின் குழுவும் வெளிமூச்சில் அளவு குறைவு என்றே கண்டது. அவ்விருவரும் பின்னர் டொராண்டோவுக்குச் சென்று, அந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்ட அதே மருத்துவமனையில் இப்புதிரைத் தொடர்ந்தார்கள்.

விடை ஒன்றல்ல, பல. என் பார்வையில் இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி இது.

முதல் காரணம், உற்பத்தியே குறைவு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தாமஸ் கெலி, மிட்செல் டிரம் ஆகியோர் 1998இல் காட்டியபடி, சிஎஃப்டிஆர் கோளாறுள்ள மூச்சுக்குழாய் உயிரணுக்களில், முடுக்கிவிடப்படும் அந்த மூன்றாவது நொதி போதிய அளவில் உருவாவதில்லை. எலியிலும் மனிதரிலும் அப்படியே. தெளிப்பான் தேவைப்படும் வீட்டில் தெளிப்பானே பழுது.

இரண்டாவது, மூலப்பொருள் திருட்டு. அழற்சியின்போது நுரையீரலில் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதி இருக்கிறது. அது ஆர்ஜினினை உடைத்து யூரியாவாகவும் ஆர்னித்தினாகவும் மாற்றிவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைட் செய்ய வேண்டிய சரக்கு வேறு பட்டறைக்குப் போய்விடுகிறது. நோயாளிகளின் சளியில் ஆர்ஜினேஸின் செயல்பாடு கூடுதலாக இருப்பதை கிராஸ்மன் குழு 2005இல் காட்டியது. ஆகவே, ஆஸ்துமாவில் எண்ணை ஏற்றும் அழற்சி, இங்கே எண்ணை இறக்கவும் செய்கிறது.

மூன்றாவது, உருவானதும் வெளியே வருவதில்லை. கெட்டிச் சளியைக் கடந்து வருவதற்குள் அந்த வாயு வேறு பொருள்களுடன் வினைபுரிந்து நைட்ரேட்டாகவும் நைட்ரைட்டாகவும் மாறிவிடுகிறது. இதற்கு நல்ல சான்று உண்டு. 1998இல் வந்த ஆய்வு ஒன்றில், நோய் முற்றிய நேரத்தில் நோயாளிகளின் சளியில் நைட்ரேட் அதிகரித்திருந்தது. மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடோ கூடவில்லை. புகை வீட்டுக்குள்ளேயே படிந்துவிட்டது. கூரைக்கு மேலே பார்த்தவர்கள் ஒன்றும் இல்லை என்று நினைத்தார்கள்.

நான்காவது காரணத்தைப் படித்தபோது எனக்கே வியப்பு. அந்த வாயுவைக் கிருமியே தின்கிறது. கெட்டிச் சளியின் ஆழத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்று 2002இல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஆக்சிஜன் இல்லாமல் சூடோமோனாஸ் எப்படி வாழ்கிறது? நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கிறது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக, அதை நைட்ரிக் ஆக்சைடாக, அதை நைட்ரஸ் ஆக்சைடாக, கடைசியில் வெறும் நைட்ரஜனாகப் படிப்படியாக மாற்றி, அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது. நான் மேலே சொன்ன சிரிப்பூட்டும் வாயு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. வேதியியல் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி என்று மண்ணையும் வயலையும் வைத்துப் படிக்கிறோமே, அதன் ஒரு பகுதி ஒரு குழந்தையின் நுரையீரலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. தன்னைக் கொல்ல உடல் தயாரித்த நஞ்சை நைட்ரஜனாக்கித் தள்ளிவிடும் திறம் அந்தக் கிருமிக்கு இருக்கிறது.

மருந்து கொடுத்தால் எண் ஏறுகிறது

ஆஸ்துமா சிறுவனுக்கு ஸ்டீராய்டு இழுப்பு மருந்து கொடுத்தால் அவனுடைய எண் இறங்கும். அது நல்ல அறிகுறி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளை மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தினால் என்ன ஆகும்? 2003இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, அவர்களுடைய எண் ஏறுகிறது என்று கண்டது. அங்கே இறங்கினால் நலம், இங்கே ஏறினால் நலம். கிருமி குறைந்து சளி இளகியதால் வாயுவுக்கு வழி திறந்தது என்பது ஒரு விளக்கம். அதைத் தின்ன ஆள் குறைந்தது என்பது இன்னொன்று. சுவீடனில் 2010இல் வெளியான ஆய்வும் எண் குறைந்தவர்களின் நுரையீரல் செயல்பாடும் மோசமாக இருப்பதாகச் சொன்னது.

இதைக் கேட்டதும், எண் குறைந்தால் சூடோமோனாஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமே எனத் தோன்றும். அங்கேதான் மருத்துவம் கைவிரிக்கிறது. நோயுள்ள குழந்தைகளின் எண்ணும் நலமான குழந்தைகளின் எண்ணும் பெருமளவில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வருகின்றன. 7 என்பது நலமான சிறுவனுக்கும் வரக்கூடிய எண்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்குக் கூடவே ஒவ்வாமையும் இருந்தால், ஒன்று இறக்க மற்றொன்று ஏற்ற, எண் வழக்கமான அளவில் வந்து நிற்கலாம். முன்னே சொன்ன 1998ஆம் ஆண்டு ஆய்வில் நோய் முற்றியபோதும் மூச்சின் எண் கூடவில்லை. ஆகவே ஒரே ஒரு முறை ஊதி வந்த எண்ணைக் கொண்டு எந்த மருத்துவரும் கிருமி இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு சொல்வதில்லை.

மூக்கிலிருந்து எடுக்கும் அளவு வேறோர் இடத்தில் கைகொடுக்கிறது. மயிரிழைகள் பிறவியிலேயே அசையாத ஓர் அரிய நோயில் மூக்கின் நைட்ரிக் ஆக்சைட் மிகமிகக் குறைந்துவிடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அந்த நோயைக் கண்டறிய இச்சோதனை இப்போது வழக்கத்தில் உள்ளது. ஆனால் அங்கும் ஒரு நிபந்தனை: முதலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டிலும் எண் குறையும் அல்லவா.

நம் வட்டாரத்தில் உள்ளவர்கள் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் மிகுதி. அவர்களில் ஏறக்குறைய 2,500 முதல் 3,500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. ஆசியரிடம் மிக அரிது. அரிது என்பதற்காக இல்லை என்று ஆகாது. அது நம் பிள்ளைகளுக்கு வராது என்ற எண்ணமே பல ஆசியக் குழந்தைகளிடம் நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படக் காரணமாகிறது. ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, சாப்பிட்டும் எடை ஏறாமை, எண்ணெய்ப்பசையுள்ள மலம், முத்தமிட்டால் கரிக்கும் தோல் ஆகியவை சேர்ந்து வந்தால் வியர்வைச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. அத்தகைய பிள்ளை ஊதிக் காட்டும் சிறிய எண்ணைப் பார்த்து, அழற்சி ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து.

குறைந்ததை நிரப்பலாமா?

நைட்ரிக் ஆக்சைட் குறைகிறது என்றால் கொடுத்துவிடலாமே என்று யோசித்தவர்கள் உண்டு. கிராஸ்மன் குழு 2006இல் நோயாளிகளை ஆர்ஜினின் கரைசலை ஆவியாக உள்ளிழுக்க வைத்தது. மூச்சின் எண் ஏறியது, நுரையீரல் செயல்பாடும் சற்று மேம்பட்டது. ஆயினும் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இன்னொரு வழி, வாயுவையே நேராகக் கொடுப்பது. பிறந்த குழந்தைகளின் நுரையீரல் இரத்த அழுத்தச் சிக்கலுக்கு இதைச் சிகிச்சையாகக் கொடுக்க அமெரிக்கா 1999இலேயே அனுமதித்துவிட்டது. குறைந்த அளவு நைட்ரிக் ஆக்சைட், சூடோமோனாஸ் கட்டும் படலத்தைக் கலைந்துபோகச் செய்யும் என்று 2006இல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. அதை வைத்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 12 நோயாளிகளிடம் சிறிய ஆய்வு நடத்தி 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருந்துடன் இந்த வாயுவையும் பெற்றவர்களின் சளியில் கிருமித் திரள்கள் குறைந்திருந்தன. பன்னிரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று வேறு திசையிலிருந்து வந்தது. 2012ஆம் ஆண்டில் ஐவகாஃப்டர் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. சளியைக் கரைப்பதோ கிருமியைக் கொல்வதோ அதன் வேலையல்ல. சில வகைப் பிறழ்வுகளில் திறக்காமல் நிற்கும் அந்தக் குளோரைடு வாசலைத் திறக்கிறது. அதை உட்கொண்ட நோயாளிகளின் மூச்சை அளந்து 2015இல் டொராண்டோ குழு வெளியிட்டது: சில வாரங்களில் நைட்ரிக் ஆக்சைட் கூடியிருந்தது. வாசலைச் சரிசெய்தால் வாயுவும் திரும்புகிறது. குறைபாடு கிருமியால் மட்டும் வந்ததன்று, மரபணுக் கோளாறுடனேயே பிணைந்தது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை வந்தது. 508ஆம் அமினோ அமிலம் விடுபட்டவர்களுக்கும் அது பயன்படுவதால், மேலை நாடுகளில் பெரும்பாலான நோயாளிகளின் வாழ்க்கை மாறிவிட்டது. அறிமுகமானபோது அதன் விலை ஓர் ஆண்டுக்கு 300,000 அமெரிக்க டாலருக்கும் மேல். உலகின் பல நாடுகளில் உள்ள குழந்தைகளுக்கு அது இன்னும் எட்டாக்கனி.

அது கிடைத்த பிள்ளைகளிடம் இப்போது எதிர்பாராத ஒரு சிக்கல். சளி வற்றிவிட்டது. முன்பு துப்பத் தெரிந்த பதின்ம வயதினருக்கும் துப்ப ஒன்றும் வருவதில்லை. ஆனால் பலரிடம் சூடோமோனாஸ் முழுதாக ஒழிந்துவிடவில்லை. எண்ணிக்கை குறைந்து எங்கோ ஒரு மூலையில் பதுங்கியிருக்கிறது. கிருமியைத் தேட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சளி வேண்டும், சளியோ இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து மருத்துவர்கள் கேட்ட கேள்வியை இன்று பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைட் மட்டுமன்றி மூச்சிலுள்ள நூற்றுக்கணக்கான வேறு ஆவிப் பொருள்களையும் சேர்த்து அளந்து கிருமியின் தடத்தைப் பிடிக்க முடியுமா என்று பல ஆய்வுக்கூடங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. பிள்ளைகளும் மறுபடி குழலைக் கவ்விக்கொண்டு, திரையில் மிதக்கும் மேகத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.